தொண்ணூற்று நான்கு சதவீதம் பச்சை

மஸ்கட், அல் குவைரில் எங்கள் அலுவலகத்தில்
பி.ஆர்.ஓ. என்றால் இரண்டு பேர்.
ஹமூத் பாஸ்போர்ட்டுகளை ரப்பர் பேண்டில் கட்டி
முத்திரை வாங்கக் கொண்டுபோவார்.
நான் கம்பெனியின் பெயரைக்
கசங்காமல் கொண்டுபோக வேண்டும்.
எது கனம் என்று ஒருநாள் கேட்டார்.
சிரித்ததோடு சரி.

முன்பு இந்த வேலைக்கும்
பொழுது சாய்வது என்று ஒன்று இருந்தது.
ஒன்பது மணிக்குள் ஃபேக்ஸ் போனால் போதும்.
ரமலானுக்கு உதவி ஆசிரியர் வீட்டுக்கு
ஒரு பேரீச்சம்பழப் பெட்டி.
காலையில் ஏழாம் பக்கத்தின் அடியில்
நாங்கள் சொன்னது
நாங்கள் சொன்னபடியே கிடக்கும்.
மறுத்துப் பேச நினைத்தவன்
தபால்தலை வாங்க வேண்டியிருந்தது.

இப்போது முப்பத்தோரு நொடி.
ஜூலை மாதம், மிஸ்ஃபா கேம்ப் சாலை,
எங்கள் நீல நிறப் பதினாலாம் நம்பர் பஸ்.
ஜன்னல் கம்பியெல்லாம் ஈரத் துண்டு.
கூரையில் ஏசி இருக்க வேண்டிய ஓட்டையில்
மடித்துச் செருகிய அட்டைப்பெட்டி.
எடுத்தவன் கீழே இறங்கி
பஸ்ஸின் விலாவில் இருப்பதையும் காட்டுகிறான்,
கை நடுங்காமல்:
‘குளிர்ச்சியே எங்கள் வாக்குறுதி’.
நாங்கள் ஏசி விற்பவர்கள்.
அந்த வரி நான் எழுதியது.

இரவு பதினொன்று நாற்பதுக்கு
ராய்ஸ்டன் கூப்பிட்டார்.
வருத்த அறிக்கை போட்டாயிற்று,
அதன் கீழே வசவு வந்துகொண்டே இருக்கிறது,
எங்கேயாவது ஒரு பச்சை தேடு என்றார்.
கருத்துகளை வாசித்து நிறம் பூசும் மென்பொருளுக்கு
மாதம் அறுநூறு ரியால் கட்டுகிறோம்.
சிவப்பு, சிவப்பு, சாம்பல், சிவப்பு.
ஒன்றே ஒன்று பச்சை.
தொண்ணூற்று நான்கு சதவீதம்.
எழுதியவர்: திட்டக்குடி சிங்கம் 07.

‘நானும் அந்த பஸ்லதான் போறேன்.
ஆகா, என்னா சொகம், ஊட்டி தோத்துச்சு.
மொதலாளி நூறு வருசம் நல்லா இருக்கணும்.
ஒருநாள் எங்ககூட வந்து
இந்த சொகத்த அனுபவிக்கணும்.’
பக்கத்தில் இரண்டு கும்பிடு, ஒரு இதயம்.

மொழிபெயர்த்துக் கொடு என்றார்.
கொடுத்தேன்.
ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.
இதயம் இருந்த இடத்தில் இதயம்.
அந்த ‘ஆகா’வை மட்டும்
எந்த எழுத்தில் எடுத்துப்போவது?
அது இங்கேயே நின்றுவிட்டது,
எனக்கும் திட்டக்குடிக்கும் நடுவில்.

ராய்ஸ்டன் கரைந்துபோனார்.
எத்தனை வாஞ்சை, எத்தனை நன்றி!
அழைப்பை ஏற்போம்,
வியாழக்கிழமை முதலாளி அவர்களோடு பயணம் செய்வார்,
இரண்டு கேமரா, ஒரு டிரோன்,
புது பஸ் ஒன்று வாடகைக்கு.

அப்போதுதான் வாய் திறந்தேன்.
வேண்டாம் சார், பதினாலாம் நம்பரே இருக்கட்டும்.
இந்தக் காலத்தில் ஜனங்களுக்கு
ஒப்பனை இல்லாத உண்மைதான் வேண்டும்.
போன மாதம் அவரே நடத்திய பயிற்சியில்
அவரே சொன்ன வாக்கியம்.
ஒரு கணம் யோசித்தார்.
அருமை என்றார்.

அறிவிப்பு வெளியானது ஒன்று ஐந்துக்கு.
ஒன்றரைக்குள் இரண்டாயிரத்து முந்நூறு சிரிப்புகள்,
கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.
மகிழ்ச்சி என்று எண்ணிக்கொண்டது மென்பொருள்.
திரை முழுக்க வயல் மாதிரி பச்சை.
நாளைக்கே அட்டையைப் பிடுங்கி ஏசி மாட்டுவார்களோ,
மாட்டாமலே ஏற்றி வேர்க்க விடுவார்களோ,
இல்லை வியாழக்கிழமை
எனக்கு விளங்கிய ‘ஆகா’ யாருக்காவது விளங்கி
என் பாஸ்போர்ட்டும்
ஹமூதின் ரப்பர் பேண்டுக்குள் போகுமோ.

லேப்டாப்பை மூடப் போனபோது
கீழே புதிதாக ஒரு வரி.
திட்டக்குடி சிங்கம்தான்.
இந்த முறை இதயமும் இல்லை, கும்பிடும் இல்லை.

‘மொழிபெயர்த்தது யாரு? தமிழா?’

மென்பொருள் அதைச் சாம்பலாக்கி
ஓரத்தில் கடிகாரத்தை ஓடவிட்டது.
கேள்விகளுக்குப் பதினைந்து நிமிடத்துக்குள்
பதில் சொல்ல வேண்டும்.
விதி நான் எழுதியதுதான்.

பதினான்கு.

பதின்மூன்று.